கதவு பேசிய பதினொரு நிமிடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் நாடகத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள் மொத்தமே மூன்று பேர். ஒருத்தி நினைத்த மாத்திரத்தில் அழுவாள். அவளுக்குக் ‘குழாய்’ என்று பெயர். ஒருவன் வாயைத் திறந்தால் மூடமாட்டான், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்கே நாலு பத்தி பேசுவான், அவன் ‘வசனம்’. மூன்றாவது ஆள்தான் நம் கதாநாயகி. அவளைக் ‘கதவு’ என்று கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் வைப்பதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் இந்தப் பெயரை யாரும் வம்புக்கு வைக்கவில்லை. அவளே சம்பாதித்த பெயர்.

பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில் நாடக டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தார். “ஆளுக்கு ஒரு பொருளா மாறுங்க. நான் கைதட்டற வரைக்கும் அந்தப் பொருளாவே இருக்கணும்.” குழாய் மெழுகுவர்த்தி ஆனாள், இரண்டே நிமிடத்தில் உருகி அழுது முடித்துவிட்டாள். வசனம் ரேடியோ ஆனான், வேறென்ன ஆவான்? இவள் வாசல் பக்கமாகப் போய் ஒரு கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு கதவாக நின்றாள். அந்த நேரம் பார்த்து டீச்சரை ஆபீஸில் கூப்பிட்டார்கள். போனவர் கைதட்ட வேண்டியதைச் சுத்தமாக மறந்துவிட்டார்.

நாற்பது நிமிடம் கழித்து அவர் திரும்பி வந்தபோது மெழுகுவர்த்தியும் ரேடியோவும் ஜன்னலோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. கதவு மட்டும் நின்றபடியே நின்றது. நடுவில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் போக வந்த பியூன், தன்னையறியாமல் அவள் கையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார். அவளும் அளவாகத் திறந்து, அவர் உள்ளே வந்ததும் மெல்லச் சாத்திக்கொண்டாள். திரும்பிப் போகும்போது அவர், “நல்லா சாத்திக்கம்மா, காத்து அடிக்குது” என்று சொல்லிவிட்டு வேறு போனாராம்.

அன்றைக்குப் பிடித்தது அதிர்ஷ்டம். அடுத்த இரண்டு வருடத்தில் அவள் வாசற்கதவாக, லிஃப்ட் கதவாக, சிறைக் கதவாக, ஒரு தடவை ஃபிரிட்ஜ் கதவாகவும் நடித்தாள். ஒரே ஒரு வசனம்கூடப் பேசியதில்லை.

அவள் ஊமை இல்லை. கூச்சக்காரி என்றுகூடச் சொல்லமுடியாது. பேச இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். அவளுடைய அப்பா காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விடுகிறவர். எதிரே நிற்கிறவன் புருவம் அசைவதை வைத்தே அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கண்டுபிடித்து, அவனுக்கு முன்னால் அதை உரக்கச் சொல்லிவிடுவதுதான் அவர் தொழில். அம்மா பெண்களுக்கான சலூன் வைத்திருந்தாள். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது; நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் சும்மா இருந்தால் முடிவெட்டு பிடிக்கவில்லையோ என்று அவளுக்குப் பயம் வந்துவிடும். அண்ணன் போனில் ஆள்பிடித்துத் தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்கிற கம்பெனியில் இருந்தான். இரண்டு வினாடி இடைவெளி விட்டால் எதிர்முனையில் போனை வைத்துவிடுவார்கள் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஆக, அந்த வீட்டில் மௌனம் என்பது மூன்று பேருக்குமே தொழில் நஷ்டம்.

“அம்மா, எனக்கு…” என்று இவள் ஆரம்பித்தால் போதும்.

“பசிக்குதா? தட்டை எடு” என்பாள் அம்மா.

“பசி இல்ல. முகத்தைப் பாரு, தலைவலி” என்பார் அப்பா.

“புது போன் கேக்கப் போறா, பாத்துக்கிட்டே இருங்க” என்பான் அண்ணன்.

மூன்று பேரும் காரசாரமாக விவாதித்து ஒரு முடிவுக்கு வந்து, அவளுக்கு மாத்திரை கொடுத்துப் போர்வை போர்த்திப் படுக்க வைப்பார்கள். அவள் கேட்க வந்தது ஒரு ரப்பர். அன்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அந்த வீட்டில் அழுவதற்கும் வரிசையில் நிற்க வேண்டும்.

ஒரு தடவை அம்மாவுக்குக் கை மணிக்கட்டு பிசகிவிட்டது. எக்ஸ்ரே எடுக்க இவள்தான் கூடப் போனாள். அங்கே ஒல்லியாக ஒரு பெண் வந்து, “அசையாதீங்க. பேசாதீங்க” என்றாள். அம்மா அசையவில்லை. பேசவில்லை! படம் எடுத்து முடித்ததும், “எந்திரிக்கலாம்” என்றாள். உத்தியோகம் என்றால் இதுவல்லவா உத்தியோகம் என்று இவளுக்குத் தோன்றிவிட்டது. நாளெல்லாம் மூன்று வார்த்தை. அதற்கும் ஊரே அடங்கிக் கேட்கிறது. அன்றைக்கே முடிவு செய்து, எக்ஸ்ரே படிப்புக்கு மனுப் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. பள்ளி இறுதித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும்.

அங்கேதான் இடித்தது. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டீச்சர் செய்முறைத் தேர்வின் விதிகளை வாசித்தார். குழுவாக ஒரு நாடகம் போட வேண்டும். அதில் ஒவ்வொருவரும் தனியாக மூன்று நிமிடமாவது பேச வேண்டும். குரலுக்கு நாற்பது மதிப்பெண். குரலில் சுழி வாங்கினால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் பாடத்தில் தேறாது.

படித்து முடித்த டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கதவைப் பார்த்தார். “இப்ப என்னம்மா பண்றது?”

அவள் தோளைக் குலுக்கினாள். அந்தத் தோள் குலுக்கலுக்கு ‘உடல்மொழி’யில் பத்துக்குப் பத்து போடலாம். குரலுக்கு ஒன்றும் போட முடியாது.

“டீச்சர், கதவே பேசட்டுமே” என்றான் வசனம். ஆயுளில் அவன் ஒரே வரியில் பேசியது அன்றைக்குத்தான்.

யோசனை பிடித்துப் போயிற்று. வீட்டைவிட்டு வேலை தேடிப் போகும் மகனாக வசனம். அழுகிற அம்மாவாகக் குழாய், அவளுக்கு ஒத்திகையே தேவையில்லை. இருவரும் போனபிறகு மேடையில் கதவு மட்டும் தனியாக நின்று மூன்று நிமிடம் பேசும்.

வேலையில் அவள் குறை வைக்கவில்லை. நாடகப் பாடத்துக்கென்று ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். அதற்காகத் தெருத்தெருவாக நடந்து முப்பத்தொரு கதவுகளைப் பார்த்து எழுதினாள். பல் டாக்டர் வீட்டுக் கதவை மனிதர்கள் ஒரு விரலால்தான் தள்ளுகிறார்கள். ‘இழு’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் கதவைப் பத்துக்கு ஏழு பேர் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் இழுக்கிறார்கள். அதில் நாலு பேர் கதவைத் திட்டுகிறார்கள். இப்படி முப்பத்தொரு பக்கம். ஆனால் பேச வேண்டிய பகுதியை எழுதச் சொன்னால், “நான் ஒரு கதவு. முன்னொரு காலத்தில் காட்டில் மரமாக இருந்தேன். என்னை வெட்டினார்கள். வண்டியில் ஏற்றினார்கள். அறுத்தார்கள். இழைத்தார்கள்” என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

“இது நாலாங்கிளாஸ் கட்டுரைம்மா” என்றார் டீச்சர். “மரத்தை விடு. உனக்கு என்ன தெரியும், அதைச் சொல்லு.”

அவள் மறுபடி தோளைக் குலுக்கினாள். தேர்வு நெருங்கிவிட்டது. மரமோ மட்டையோ, மூன்று நிமிடம் சத்தம் வந்தால் போதும் என்று டீச்சர் விட்டுவிட்டார். இரண்டே பாடம்தான் சொல்லிக் கொடுத்தார். ஒன்று: “‘வெட்டினார்கள்’னு சொன்னதும் நிறுத்து. மனசுக்குள்ள அஞ்சு எண்ணு. அப்புறம் பேசு. அப்பத்தான் அந்த வலி தெரியும்.” இரண்டு, மூன்று பேருக்கும் பொதுவாக: “மேடையில என்ன நடந்தாலும் அது நாடகம்தான். விளக்கு அணைஞ்சாலும் சரி, கூரையே விழுந்தாலும் சரி. நிறுத்திட்டு முழிக்கக் கூடாது. நடந்ததையும் சேத்துக்கிட்டு மேல போங்க.”

வீட்டில் ஒத்திகை பார்க்க அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் குளியலறை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒரு மாதம் தினமும் மரமாக இருந்து வெட்டுப்பட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள், பாவம். சந்தை இரைச்சலில் புருவத்தைக் கேட்கிற காதுக்குக் குழாய்ச் சத்தம் எம்மாத்திரம்? குளியலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மகள் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசி அவர்கள் கேட்டதே இல்லை. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதத்தில் மூவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

செய்முறைத் தேர்வுக்குப் பார்வையாளர்கள் இருக்க வேண்டும் என்பதும் விதி. மூன்று வீட்டிலிருந்தும் ஆட்களை வரச் சொன்னார்கள். உடற்பயிற்சி மெத்தைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, கூடத்தில் முப்பது நாற்காலி போட்டார்கள். கதவின் குடும்பம் அரைமணி முன்னதாகவே வந்து முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டது. டீச்சருக்கு அவர்களைப் பற்றித் தெரியும். நேராகப் போய், “தயவுசெஞ்சு வாயைத் திறக்கக் கூடாது” என்றார். மூவரும் ஒரே நேரத்தில், “நாங்க ஏன் திறக்கறோம்” என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் உறுதிமொழி கொடுத்தார்கள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மாள். அவர் முகத்தைப் பார்த்து மதிப்பெண்ணை யாரும் ஊகிக்க முடியாது. அப்படி ஒரு முகம். ஒரு கையில் பேனா, மறு கையில் நேரம் பார்க்கிற கடிகாரம்.

நாடகம் தொடங்கியது. வசனம் பையைத் தூக்கிக்கொண்டு நீளமாக விடைபெற்றான். குழாய் அழுதாள், பின்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். கதவு திறந்தது, சாத்தியது. இருவரும் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்கள். மேடையில் கதவு மட்டும். தேர்வாளர் கடிகாரத்தை அமுக்கினார்.

“நான் ஒரு கதவு.” குரல் சன்னமாக வந்தது, ஆனால் வந்தது. “முன்னொரு காலத்தில் காட்டில் மரமாக இருந்தேன். என்னை வெட்டினார்கள்.”

நிறுத்தினாள். மனதுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

அந்த வீட்டு ஆட்கள் யாருக்கும் மூன்றுக்கு மேல் தாங்காது.

“அறுத்தார்கள்!” என்றார் அப்பா. மெதுவாகத்தான் சொன்னார், அவருடைய மெதுவே வாசலில் நின்ற பியூனுக்குக் கேட்டது. பிள்ளை வசனத்தை மறந்துவிட்டது என்று அவருக்கு நெஞ்சு பதைத்துவிட்டது.

“அறுக்கறது அப்புறங்க” என்றாள் அம்மா. “மொதல்ல வண்டியில ஏத்தணும். ‘வண்டியில் ஏற்றினார்கள்’ சொல்லு கண்ணு.”

“ரெண்டு பேரும் குழப்பாதீங்க” என்றான் அண்ணன். “இழைச்சதுக்கு அப்புறம்தான் வண்டி.”

“எவன்டா இழைச்சுட்டு வண்டியில ஏத்துவான்? கீறல் விழாது?” என்றார் அப்பா.

“ஏங்க, நான் தினம் கேட்டேனே, என்கிட்டயே சொல்றீங்களே!” என்றாள் அம்மா.

பின்னால் டீச்சர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சொன்ன பாடத்தை மறக்காத மாணவர்கள் இருவர் மட்டும் செயலில் இறங்கினார்கள். குழாய் தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். ஓவென்று அழ ஆரம்பித்தாள். வசனம் மேடைக்குத் திரும்பி வந்து, கையை விரித்து, “யார் நீங்கள்? நம் இல்லத்துக்கு வந்த விருந்தினரா?” என்றான்.

“விருந்தாளியா? நான் பொண்ணோட அப்பன்பா!” என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

கதவு அத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது மதிப்பெண் போகிறது, எக்ஸ்ரே போகிறது, இனி ஆயுளுக்கும் இந்த மூன்று பேருடைய சத்தத்துக்கு நடுவில் ரப்பர் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நீட்டியிருந்த கையை வீசிக் காலால் மேடைப் பலகையை ஓங்கி மிதித்தாள்.

டமார்!

கூடமே அதிர்ந்து நின்றது. அப்பா உட்கார்ந்தார்.

“நான் இன்னும் முடிக்கல” என்றாள் கதவு. “மரத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரு வெட்டினா, எப்ப ஏத்தினா, எல்லாம் இவங்களுக்குத்தான் தெரியும், இவங்களையே கேட்டுக்கங்க. எனக்கு இந்த வீடுதான் தெரியும்.

“இந்த வீட்டுல எல்லாரும் உள்ள வர்றப்ப சத்தமாத்தான் வருவாங்க. ஆனா என்னைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வெளிய சும்மா நிப்பாங்க. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தர் விடியக்காலையிலருந்து கத்திட்டு வருவாரு. தொண்டை போயிருக்கும். வெளிய நின்னு எச்சில் முழுங்கிப் பாப்பாரு. வலிக்கும். மெதுவா ரெண்டு தடவ இருமிப்பாரு. அப்புறம், ‘எங்கப்பா எல்லாரும்!’னு கத்திக்கிட்டே உள்ள வருவாரு. ஒருத்தங்க நெத்திய எம்மேல சாய்ச்சு நிப்பாங்க. நாள் பூரா நின்ன காலு. செருப்பைக் கழட்டிட்டு இந்தக் காலால அந்தக் காலைத் தேய்ச்சுவிட்டுக்குவாங்க. இன்னொருத்தன் என் பூட்டுக்கிட்ட குனிஞ்சு, ‘இன்னிக்கும் ஒண்ணும் விக்கல’ன்னு சொல்லுவான். என்கிட்ட மட்டும்தான் சொல்லுவான். அப்புறம் விசிலடிச்சுக்கிட்டே உள்ள போவான். உள்ள போனா மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பேசவிடாம பேசுவாங்க. ஏன்னா ஒருத்தர் நிறுத்தினா, ‘என்ன ஆச்சு?’ன்னு இன்னொருத்தர் கேட்டுடுவாங்கல்ல.”

அம்மா ஒரு கையால் அப்பாவின் கையைப் பிடித்தாள். அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திறந்த வாய் அதற்கப்புறம் மூடவில்லை. பதினேழு வருடத்து நிலுவை அல்லவா? கீல் தேய்வது பற்றி, ‘இழு’ என்றால் தள்ளுகிறவர்களைப் பற்றி, கோபத்தில் சாத்திவிட்டுப் போய்ச் சாவியை மறந்தவர்கள் அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்து தட்டுவது பற்றியெல்லாம் சொன்னாள். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்று நிமிடம் ஆயிற்றா என்று பார்க்க வேண்டிய தேர்வாளர் கடிகாரத்தை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினொரு நிமிடம் ஆயிற்று என்று பிறகு டீச்சர் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் பேசவில்லை. மறுநாளும் அதிகம் பேசவில்லை. அப்பா வெந்நீர் கேட்டு வாங்கிக் கொப்பளித்தார். அதற்கு முன்னால் கேட்டதே கிடையாது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, “வெளியூர் போயிட்டீங்களோன்னு நெனச்சேன்” என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பத்துப் பதினைந்து நாளில் பழைய சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நாய்வாலை நிமிர்த்த முடியுமா?

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. குரலுக்கு நாற்பதுக்கு முப்பத்தாறு. கூடவே தேர்வாளரின் குறிப்பு ஒன்று. அப்பா அதை வாங்கி, ஏலக் குரலில் வீட்டுக்கே வாசித்தார்.

“‘பார்வையாளர் நடுவில் நடிகர்களை உட்கார வைத்த உத்தி அருமை. தாயும் அண்ணனும் இயல்பு. தந்தையாக நடித்தவர் மட்டும்…’” குரல் இறங்கியது. “‘…சற்று மிகை.’”

அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நான் நானாத்தானே இருந்தேன், அதுல என்ன மிகை?” என்று அப்பா அன்று சாயங்காலம் வரை பொருமிக்கொண்டிருந்தார். பிறகு, மற்ற இருவரும் கடைக்குப் போன சமயம் பார்த்து, மகளின் அறைக்கு வந்தார். ஒரு மாதமாக அவர் மனதில் கிடந்த கேள்வி அது.

“பாப்பா, நான் வெளிய நிக்கறது உனக்கு எப்படித் தெரியும்? உங்கம்மாவுக்கே தெரியாதே.”

“நான் உள்ள நின்னேன்பா. முக்காலி போட்டு ஏறி, கதவு ஓட்டை வழியா பாத்துக்கிட்டு. சின்ன வயசுலேர்ந்து.”

“எதுக்கு?”

“நீங்க உள்ள வந்து பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடலாம்னு.”

“என்ன விஷயம்?”

“தினம் ஒண்ணு. ஒரு நாள் ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவதா வந்தேன். ஒரு நாள் பல்லு வலி.”

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். அவள் வேறேதாவது சொல்வாளோ என்று காத்துப் பார்த்தார். சந்தையில் ஒரு லாரிச் சரக்கே ஏலம் போயிருக்கும், அவ்வளவு நேரம் காத்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிக மெதுவாகக் கேட்டார்.

“இப்ப பல்லு எப்படிம்மா இருக்கு?”

“அது பால்பல்லுப்பா” என்றாள் மகள். “விழுந்து பத்து வருஷமாச்சு.”